அப்பாவின் குத்துக்குப் பதினெட்டு

என் அப்பாவின் வலக்கைக் குத்துக்குப் பதினெட்டு என்று எண் போட்டவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைப் பதினொன்றாக்கியவன் என் நண்பன். இதற்காகவா இத்தனை வருடச் சிநேகிதத்தை முறித்துக்கொள்வார்கள் என்று என் மனைவி கேட்டாள். முறித்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எரிச்சல் யார் மேல் என்பதுதான் மாறிவிட்டது.

விளையாட்டைப் பற்றிச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். டிவியில் கேசட் சொருகி ஆடுகிற பழைய சண்டை விளையாட்டு அது. இரண்டு பேர் எதிரெதிராக நிற்பார்கள்; தலைக்கு மேலே ஆளுக்கொரு மஞ்சள் கோடு ஓடும். அடி விழ விழ கோடு தேயும். கோடு தீர்ந்தவன் விழுவான். கம்பெனிக்காரனே மறந்துவிட்ட இந்த மாதிரி விளையாட்டுகளின் கோப்புகளைத் திறந்து, ஆள், உடை, இடம், சத்தம் எல்லாவற்றையும் மாற்றி மறுபடியும் உலவ விடுகிற ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அப்படி மாற்றியதை மாட் என்பார்கள். யாரும் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் செய்கிற வேலை.

எனக்கும் என் நண்பனுக்கும் அந்தப் பைத்தியம் விழுப்புரத்தில் கல்லூரி விடுதியில் பிடித்தது. யாரோ விட்டுப்போன, கேசட் சொருகி ஆடுகிற பழைய கன்சோல் பெட்டி ஒன்று எங்கள் அறையில் கிடந்தது. படித்ததைவிட அதில் அடித்துக்கொண்டதுதான் அதிகம். பிறகு நான் திண்டிவனத்தில் ஒரு பிளக்ஸ் பேனர் கடையில் டிசைனர் ஆனேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று தலைகளை வெட்டி உடம்பில் ஒட்டுவது என் பிழைப்பு. அவன் விழுப்புரத்தில் வீடு எடுத்து, அறைக்குள் உட்கார்ந்தபடியே வெளியூர்க் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறான். போனிலேயே அந்தப் பழைய விளையாட்டு ஓடும் என்று தெரிந்த நாளில் அவன்தான் கூப்பிட்டான். "மச்சி, வெள்ளக்காரன் அவன் ஊர் ஆளுங்கள உள்ள வெச்சிக்கினு ஆடறான். நாம இன்னாத்துக்கு சும்மா கீறோம்?"

படம் என் வேலை, கோப்புக்குள் கை வைப்பது அவன் வேலை. அந்தப் பழைய விளையாட்டில் புதிதாக ஓர் ஆளை நுழைக்க இடம் கிடையாது. இருக்கிற ஒருவனைத் தூக்கிவிட்டு அவன் உட்கார்ந்திருந்த அளவிலேயே நம் ஆளை உட்கார வைக்க வேண்டும். ஓர் அங்குலம் கூடினாலும் விளையாட்டு நின்றுவிடும். ஒருத்தன் வரவேண்டும் என்றால் ஒருத்தன் போக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை.

முறுக்கு மீசை வைத்த வெளிநாட்டுப் பயில்வானைத் தூக்கிவிட்டு டவுன் பஸ் கண்டக்டரைப் போட்டோம். வாள்காரி போய், ஜங்ஷன் வாசலில் பூ விற்கும் அக்கா வந்தார். அவர் முழம் போடும் கையாலேயே எதிராளியின் கழுத்தைச் சுற்றி இழுப்பார். ஒவ்வொரு ஆளின் அடிக்கும் என்ன எண் கொடுப்பது என்று இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, மல்லுக்கட்டி, ஒரு நோட்டில் எழுதுவோம். எழுதிய எண்ணை ஒருத்தன் தனியாக மாற்றக் கூடாது. எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அது.

அப்பாவை உள்ளே கொண்டுவரலாம் என்று சொன்னது நான். அப்பா திண்டிவனம் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். விவசாயிகள் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கொண்டுவந்து ஏலம் விடுகிற சந்தைக்கூடத்தைத்தான் எங்கள் பக்கம் கமிட்டி என்பார்கள். வண்டியிலிருந்து இறக்குவது, தராசுக்குக் கொண்டுபோவது, மறுபடி லாரியில் ஏற்றுவது, இதுதான் அப்பாவின் முப்பது வருடம். அவருடைய முதுகை நீங்கள் பார்க்க வேண்டும். எந்தப் பயில்வானுக்கும் அந்த முதுகு கிடையாது.

நண்பனின் அப்பாவும் அதே கமிட்டிக்கு வருவார், மூட்டைக்குச் சொந்தக்காரராக. கிணறு, மோட்டார், மல்லாட்டைக் காடு எல்லாம் உள்ளவர். நாங்கள் காலனி, அவர்கள் ஊர். நண்பன் எங்கள் வீட்டில் கேப்பைக் களி தின்றிருக்கிறான். என் அப்பாவை அப்பா என்றே கூப்பிடுவான். நான் அவன் அப்பாவைக் கடைசிவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் அப்பாவை அவர் திட்டி நான் கேட்டதில்லை. விரலைச் சொடுக்குவார், அவ்வளவுதான். சொடுக்குச் சத்தம் கேட்டால் அப்பா எந்த மூலையில் இருந்தாலும் திரும்புவார். எத்தனையோ பேர் நிற்கிற கூடத்தில் அந்தச் சொடுக்கு தனக்குத்தான் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்த மனிதரை என் அப்பா ஓர் இடத்திலாவது தூக்கிப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அது நிஜத்தில் நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஒரு பழைய விளையாட்டுக்குள் நடந்தால் போதும். நண்பனுக்கு இந்த ஆசை தெரியாமல் இல்லை. "ரெண்டு அப்பாவும் மோதட்டும் மச்சி, சூப்பரா இருக்கும்" என்று சொன்னவனே அவன்தான். அன்றைக்கு அவன் மேல் எனக்கு இருந்த அன்பு கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்ஸ் கடையின் பின்பக்கம் வெள்ளை ஷீட்டைத் தொங்கவிட்டு அப்பாவை நிறுத்தினேன். நீல லுங்கி, கை வைத்த பனியன். நடப்பது, குனிவது, குத்துவது, அடி வாங்குவது, விழுவது என்று இருநூற்றுச் சொச்சம் படம். மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கியைக் கையில் பிடிக்கச் சொன்னேன். "கொக்கி மூட்டைக்குத்தாண்டா. மனுசன் மேல வெக்கக் கூடாது" என்று கீழே போட்டுவிட்டார். அதனால் அவருடைய தனி அடியாக மூட்டை இறக்குவதையே வைத்தேன். முதுகில் இருக்கும் மூட்டையை ஒரு சுழற்று சுழற்றி எதிராளி மேல் இறக்குவார். பாதிக் கோடு காலி. வலக்கைக் குத்துக்குப் பதினெட்டு என்று எழுதியபோது நண்பன் கொஞ்சம் யோசித்தான். "ஜாஸ்தி இல்ல?" என்றான். "முப்பது வருசம் தூக்கின கை" என்றேன். சரி என்று கையெழுத்து மாதிரி அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் மாற்று உடை ஒன்று உண்டு. மற்றவர்களுக்குச் சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றினோம். அப்பாவுக்கு அப்படிச் செய்தபோது பனியனோடு தோலும் பச்சையாகி, பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் அவரைப் பச்சை லுங்கியில் இன்னொரு தடவை படம் எடுத்து, மேலும் ஒரு வெளிநாட்டுக்காரனைத் தூக்கிவிட்டு, அவன் இடத்தில் தனி ஆளாகவே வைத்தோம். ஆக, கோப்புக்குள் என் அப்பா இரண்டு இடத்தில் இருந்தார். எண்களும் இரண்டு இடத்தில்.

நண்பனின் அப்பா மகிழ்ச்சியாகவே படத்துக்கு நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் அவருடைய மோட்டார் கொட்டகை. ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று மகன் கேட்டதற்கு, அவராகவே விரலைச் சொடுக்கிக் காட்டினார். அதையும் வைத்தோம்.

மாட் வெளியான பிறகு அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். நீல லுங்கி மூட்டையை இறக்கியது. வெள்ளை வேட்டி விழுந்தது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். அப்புறம், "இன்னொரு தபா போடு" என்றார். நான் அந்த வருடத்தில் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான்.

சுற்றுவட்டாரப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். எவனோ ஒருத்தன் இரண்டு அப்பாக்களும் மோதுவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டான். மூட்டை மூன்று தடவை இறங்கும், வெள்ளை வேட்டி மூன்று தடவை விழும். நண்பனின் ஊர்வரை அது போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். சிரித்துக்கொண்டேன். அடுத்த சில வாரத்தில் நண்பன் எங்கள் மாட் விளையாட்டின் புதுப் பதிப்பை விட்டான். சத்தம் சரியில்லாததைச் சரிசெய்தேன் என்று சொன்னான். நானும் நம்பினேன்.

விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் ஞாயிறு மதியம் போட்டி வைத்தார்கள். சுவரில் பெரிதாகப் படம் விழ, நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேறு யாரை எடுப்பேன்? நீல லுங்கியை எடுத்தேன். எதிரே ஒரு கல்லூரிப் பையன் வெள்ளை வேட்டியை எடுத்தான். நான் பத்து அடி அடித்தால் அவன் ஆறு அடியில் என்னைச் சாய்த்தான். மூன்று ஆட்டத்திலும் தோல்வி. என் அப்பா சுவர் உயரத்துக்கு விழுந்து கிடக்க, அவர் மேலே நின்று வெள்ளை வேட்டி விரலைச் சொடுக்கியது. கூட்டத்தில் ஒருத்தன், "அந்த மூட்டைக்காரன எடுக்காதண்ணா, டம்மி பீசு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயதாகிவிட்டது, விரல் ஓடவில்லை என்று நானும் சிரித்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஆட வந்தாள். பச்சை லுங்கி அப்பாவை எடுத்தாள். அதே வெள்ளை வேட்டியை ஆறே குத்தில் சுருட்டிப் போட்டாள். "இன்னாடா இது, லுங்கிய மாத்தினா வேற ஆளு மாரி அடிக்கறாரு!" என்று முன்வரிசையில் ஒருத்தன் கத்தினான். நான் திரும்பினேன். நண்பன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். இத்தனை வருடத்தில் எண்கள் எங்கே இருக்கும் என்று பார்க்க எனக்கும் தெரிந்திருந்தது. பச்சை லுங்கிக்குப் பதினெட்டு. நீல லுங்கிக்குப் பதினொன்று. மூட்டை இறக்குவதும் பாதியாகியிருந்தது. அவனுக்குப் பச்சை லுங்கி மறந்துபோய்விட்டது. என் அப்பா ஒரே ஆள் என்று நினைத்திருக்கிறான், பாவம். வெள்ளை வேட்டியின் எண் ஒன்றுகூடக் குறையவில்லை.

பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். நோட்டு எழுதும் அதே டீக்கடைக்கு வரச் சொன்னேன். வந்தான். மறுக்கவில்லை. "கொறச்சது நான்தான்" என்றான்.

"ஏன்?"

"கேம்தானே மச்சி. வுடேன்."

"கேம்தானேன்னா உங்க அப்பாவுக்குக் கொறச்சிருக்கலாமே?"

டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். அது எனக்குக் கோபத்தை இன்னும் ஏற்றியது. சொல்லக் கூடாததைச் சொன்னேன். "எங்க வூட்ல களி துன்னுட்டு எங்கப்பன் கைய ஒடச்சிட்ட இல்ல? நீயும் ஊர்க்காரன்தாண்டா. உங்க அப்பன் வெரலு உனக்கும் மொளச்சிருக்கு."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நண்பன் முகம் செத்துப்போயிற்று. "ஆமா மச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். அவன் ஏதாவது பதிலுக்குத் திட்டியிருந்தால், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து எண்களைப் பழையபடி திருத்தினேன். வெளியிடும்போது கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன். இவன் இன்னார் மகன், இன்னாருக்காக இன்னாரின் அடியைக் குறைத்தான் என்று எல்லாவற்றையும் உடைத்து எழுதி, அனுப்புவதற்கு முன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அப்பா வாசற்படியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"அதெல்லாம் போடாத. அந்தப் பையன் மேல தப்பு இல்ல. நான்தான் கொறைக்கச் சொன்னேன்" என்றார்.

துருவித் துருவிக் கேட்டேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்குப் போயிருக்கிறார். விலாசம் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டு மாடிப்படி ஏறியிருக்கிறார். நாற்காலியில் உட்காரச் சொன்னானாம், உட்காரவில்லையாம்.

"அந்த வீடியோவ ஐயா பாத்துட்டாருடா. கமிட்டில அத்தினி யாவாரிங்க முன்னாடி, 'இப்பல்லாம் மூட்டை தூக்கறவன் நம்ம தலை மேலயே எறக்கறான்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்கோ. நானும் சிரிச்சேன்."

"தமாசுக்குச் சொல்லியிருப்பாருப்பா."

"சிரிச்சிக்கினுதான் சொன்னாரு. அதாண்டா பேஜாரு. கத்தினா பதில் சொல்லலாம். சிரிச்சிக்கினு சொன்னா இன்னா பண்ணுவ? மறுநாளும் நான் அங்கதான போவணும்?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உன்கிட்ட சொல்லாதன்னு நான்தான் அந்தப் பையன் கைய புடிச்சிக் கேட்டுக்கினேன். நீ வருத்தப்படுவன்னு" என்றார்.

என் அப்பா இன்னொருத்தன் கையைப் பிடித்துக்கொண்டு தன் குத்தின் பலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் மேல் கோபம் வந்தது. கத்தினேன்கூட. படத்துக்கு நிற்கும்போது தெரியாதா, இன்னொரு தபா போடு என்று சொல்லும்போது தெரியாதா என்று கேட்டேன். "அப்போ நம்ம வூட்டுக்குள்ள இருந்திச்சி" என்றார். எழுதிய குறிப்பை மட்டும் அழித்தேன்.

நண்பனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன், கேட்கவும் செய்தேன். "பரவால்ல மச்சி" என்றான். வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் நெஞ்சில் ஒன்று முட்டிக்கொண்டே இருந்தது. "எங்கப்பா வந்து கேட்டாரு, சரி. நீ உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஏம்பா அப்பிடிச் சொன்னீங்கன்னு?"  "அவருக்கு வயசாயிடுச்சி மச்சி" என்றான். என் அப்பாவைவிட அவருக்கு இரண்டு வயதுதான் கூட. நான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவன் துரோகி இல்லை என்று தெரிந்த பிறகும் என்னால் பேச முடியவில்லை. என் அப்பா படியேறி வந்து கெஞ்சியதைப் பார்த்தவன், உடனே உட்கார்ந்து எண்ணைக் குறைத்துக் கொடுத்திருக்கிறான். அது அவனுக்கு அவ்வளவு சுலபமான வேலையாக இருந்திருக்கிறது.

எண்ணைக் குறைக்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அவரே ஒரு வழி சொன்னார். "சரி, பலத்த வெச்சிக்கோ. மூஞ்சிய எடுத்துடு."

எடுத்தேன். தினமும் கண்டவர்கள் தலையை வெட்டுகிறவன், என் அப்பாவின் தலையையும் வெட்டினேன். மிளகாய் மூட்டை தூக்கும் நாளில் நெடிக்காக ஆட்கள் துண்டை முகத்தில் சுற்றிக்கொள்வார்கள். அதே மாதிரி துண்டை வரைந்து, நீல லுங்கி, பச்சை லுங்கி இரண்டின் எல்லாப் படத்திலும் கண்ணை மட்டும் விட்டு மூடினேன். ஒரு வாரம் பிடித்தது. விழுகிற படங்களில் மூடும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. குத்துகிற படங்களில்தான் கை ஓடவில்லை. அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகம். படம் எடுத்த அன்று ஒரு நாள் மட்டும் நான் பார்த்த முகம். வெள்ளை வேட்டிக்காரரின் முகத்தை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கிறது, மோட்டார் கொட்டகையோடு.

துண்டு கட்டியவனைப் பையன்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. யார் அவன் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இப்போது முதலில் எடுக்கிற ஆள் அவன்தான்.

போன வாரம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே ஆரம்பித்தார். கமிட்டியில் மத்தியானம் தராசுக்கார இளைஞன் ஒருவன் போனில் அதை ஆடிக்கொண்டிருந்தானாம். நண்பனின் அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தாராம். தானே அடி வாங்குவதைப் பார்த்தும் அவர் சிரித்தாராம். பிறகு, மூட்டையோடு போய்க்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்து விரலைச் சொடுக்கி, "யார்ரா இவன், இந்த அடி அடிக்கறான்?" என்று கேட்டாராம். தெரிந்தேதான் கேட்டிருப்பார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க ஐயான்னு சொல்ட்டேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி அப்பா தட்டை நீட்டினார்.